தாழ்வாரத்தில் தொடங்கிய பள்ளி: பிஜித் தீவில் ஹன்னா டட்லி

பிஜித் தீவுகளின் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகக் கொண்டுசெல்லப்பட்ட இந்தியர்களின் பிள்ளைகளுக்கு எழுத்தறிவித்த முன்னோடிகளில் முதலில் வைத்து எண்ணத்தக்கவர் ஹன்னா டட்லி. ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸைச் சேர்ந்த அவர், மெதடிஸ்ட் திருச்சபையின் ஊழியராக 1897இல் சுவா நகருக்கு வந்தார். தாம் குடியிருந்த வீட்டின் தாழ்வாரத்தையே வகுப்பறையாக்கினார். அரசும் தோட்ட முதலாளிகளும் கைவிட்டிருந்த ஒரு சமூகத்தில், குறிப்பாக அதன் பெண்களிடமும் பெண் குழந்தைகளிடமும், கல்வி போய்ச் சேர்ந்த வரலாறு அந்தத் தாழ்வாரத்திலிருந்துதான் வளர்ந்தது.

கிர்மிட் காலம்

பிஜித் தீவுகள் 1874இல் பிரிட்டிஷ் குடியேற்ற நாடாயின. முதல் ஆளுநர் ஆர்தர் கார்டன், பூர்வகுடிப் பிஜியர்களைத் தோட்ட வேலைக்கு இழுத்தால் அவர்களுடைய ஊரமைப்பும் நிலவுரிமையும் சிதைந்துவிடும் என்று கருதினார். ஆனால் குடியேற்ற நாட்டுக்கு வருவாய் வேண்டும். அதற்குக் கரும்பு வேண்டும். கரும்புக்கு ஆள் வேண்டும். மொரீஷியஸிலும் டிரினிடாடிலும் ஆளுநராக இருந்தபோது இந்தியக் கூலிகளைக் கொண்டு தோட்டங்கள் நடந்ததை அவர் பார்த்திருந்தார். அதே வழி பிஜியிலும் கையாளப்பட்டது. கல்கத்தாவிலிருந்து புறப்பட்ட 'லியோனிடாஸ்' என்ற கப்பல் 1879 மே 14 அன்று முதல் கூலிக் கூட்டத்தைக் கொண்டுவந்து சேர்த்தது. 1916 வரை 87 கப்பல் பயணங்களில் 60,000க்கும் மேற்பட்டவர்கள் வந்து இறங்கினர். தொடக்கத்தில் கல்கத்தா மட்டுமே புறப்படு துறையாக இருந்தது. 1903 முதல் சென்னைத் துறைமுகத்திலிருந்தும் ஆட்கள் ஏற்றப்பட்டார்கள். மொத்தத்தில் ஏறத்தாழ கால் பங்கினர் தமிழ், தெலுங்கு, மலையாளம் பேசிய தென்னாட்டவர்.

'அக்ரிமெண்ட்' என்ற ஆங்கிலச் சொல் கூலிகளின் வாயில் 'கிர்மிட்' ஆயிற்று. அதில் கட்டுண்டவர் 'கிர்மிட்டியா' ஆனார். ஒப்பந்தம் 5 ஆண்டுகளுக்கு. அன்றைய வேலைப் பங்கை முடித்த ஆணுக்கு 1 ஷில்லிங், பெண்ணுக்கு 9 பென்ஸ் கூலி. பங்கை முடிக்காவிட்டால் கூலி பிடிக்கப்படும். வேலைக்கு வராவிட்டால் நீதிமன்றத்தில் நிறுத்தி அபராதமோ சிறையோ விதிக்கலாம். இலவசமாக ஊர் திரும்ப வேண்டுமானால் ஒப்பந்தம் முடிந்த பின் மேலும் 5 ஆண்டுகள் அங்கேயே தங்க வேண்டும். பலர் திரும்பவே இல்லை.

கூலிகள் குடிவைக்கப்பட்ட நீண்ட கொட்டகைகளுக்கு 'லைன்' என்று பெயர். ஒவ்வொரு லைனும் சுமார் 10 அடி நீளமும் 7 அடி அகலமும் கொண்ட அறைகளாகத் தடுக்கப்பட்டிருக்கும். ஓர் அறையில் தனி ஆண்கள் 3 பேர், அல்லது கணவன் மனைவி பிள்ளைகள் என ஒரு குடும்பம். சமையல், படுக்கை, பண்ட பாத்திரம், மண்வெட்டி எல்லாம் அந்த இடத்துக்குள்தான். அறைகளைப் பிரித்த தடுப்பு கூரை வரை எட்டாததால், ஓர் அறையின் பேச்சும் சண்டையும் அழுகையும் அடுத்த அறைக்குத் தடையின்றிக் கேட்டன.

ஒவ்வொரு 100 ஆண்களுக்கும் 40 பெண்களாவது கப்பலேற வேண்டும் என்பது விதி. அந்தக் கணக்கை ஒப்பேற்ற, ஆள்பிடிப்பவர்கள் விதவைகளையும் வீட்டைவிட்டு வெளியேறிய பெண்களையும் கோயில் தலங்களுக்கு வந்து வழிதவறியவர்களையும் பொய் சொல்லி அழைத்துவந்தார்கள். ஆண்கள் மிகுதியாகவும் பெண்கள் குறைவாகவும் இருந்த லைன்களில் பெண்களுக்குப் பாதுகாப்பே இல்லை. மேற்பார்வையாளரின் அத்துமீறல், சர்தார் எனப்பட்ட கங்காணியின் மிரட்டல், ஆண்களின் பொறாமைச் சண்டை ஆகியவற்றுக்கு நடுவில்தான் அவர்கள் வாழ்ந்தார்கள். கொலைகளும் தற்கொலைகளும் மலிந்தன. பிஜிக் கரும்புத் தோட்டத்துப் பெண்களின் கண்ணீரை நினைத்துச் சுப்பிரமணிய பாரதியார் பாடியது இந்த நிலையைப் பற்றித்தான்.

படிப்புக்கு இடமில்லாத தோட்டம்

அதே தீவுகளில் பூர்வகுடிப் பிஜியர்களின் நிலை வேறாக இருந்தது. மெதடிஸ்ட் ஊழியர்களான வில்லியம் கிராசும் டேவிட் கார்கிலும் 1835இல் லக்கெம்பா தீவில் இறங்கிப் பிஜி மொழிக்கு எழுத்து வடிவம் அமைத்தார்கள். அடுத்த 50 ஆண்டுகளில் தீவெங்கும் ஊர்தோறும் தேவாலயமும் அதை ஒட்டிய பள்ளியும் எழுந்தன. தாய்மொழியில் எழுதப் படிக்கத் தெரிந்த பிஜியர்கள் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஏராளம். ஐரோப்பியக் குடியேறிகளின் பிள்ளைகளுக்கு லெவுக்காவிலும் சுவாவிலும் பொதுப் பள்ளிகள் இருந்தன. கிர்மிட்டியாக்களின் பிள்ளைகளுக்கு மட்டும் எதுவுமே இல்லை.

தோட்டக் கம்பெனிக்கு வேண்டியிருந்தது கரும்பு வெட்டும் கை. லைனில் பிறந்த பிள்ளை வளர்ந்து அந்தக் கையாக வேண்டும் என்ற எதிர்பார்ப்புக்குப் பள்ளிக்கூடம் இடைஞ்சல். அரசோ, கூலிகள் ஒருநாள் திரும்பிப் போய்விடுவார்கள் என்ற கற்பனையில் இருந்தது. பெற்றோர் விடியுமுன் வயலுக்குப் போய்ச் சாயங்காலம் திரும்பினார்கள். கைக்குழந்தைகளைக் கிழவி ஒருத்தி பார்த்துக்கொள்வாள். சற்றே வளர்ந்தவர்கள் தம்பி தங்கையைச் சுமந்து திரிவார்கள், இல்லாவிட்டால் புல்லறுக்கவும் மாடு மேய்க்கவும் போவார்கள்.

திருச்சபையும் இந்தியர்களை நீண்ட காலம் கவனிக்கவில்லை. முதல் கப்பல் வந்து 13 ஆண்டுகள் கழித்து, 1892இல்தான் ஜான் வில்லியம்ஸ் என்ற இந்திய உபதேசியார் அவர்களிடையே பணிசெய்ய வந்தார். ஆண்களிடம் ஓரளவு அவரால் பேச முடிந்தது. பெண்களின் உலகத்துக்குள் ஓர் ஆண் நுழைய வழியில்லை. அந்த இடைவெளியில்தான் 5 ஆண்டுகள் கழித்து ஹன்னா டட்லி வந்து சேர்ந்தார்.

சுவாவுக்கு வந்த ஆசிரியை

டட்லி வெறுங்கையோடு வரவில்லை. அதற்கு முன்பு இந்தியாவில் சில காலம் ஊழியம் செய்தவர். இந்துஸ்தானி பேசத் தெரிந்தவர். பிஜி இந்தியர்கள் அவத், பீகார் பகுதிகளின் பேச்சு வழக்குகளை ஒன்றோடொன்று கலந்து ஒரு பொதுமொழியை உருவாக்கிக்கொண்டிருந்த காலம் அது. தங்களை எண்ணாகவும் கூலியாகவும் மட்டுமே அறிந்த ஒரு நாட்டில், வெள்ளைக்காரப் பெண் ஒருவர் வாசலில் நின்று தங்கள் மொழியில் நலம் விசாரித்தது அவர்களுக்குப் புதிது.

அவர் புலால் உண்ணாதவர். சாதியும் ஆசாரமும் கப்பலிலேயே குலைந்துபோயிருந்தாலும், சாப்பாட்டு விஷயத்தில் பழைய உணர்வு இந்துக் குடும்பங்களில் எஞ்சியிருந்தது. மாட்டிறைச்சி உண்ணும் வெள்ளையரின் வீட்டில் தண்ணீர் குடிக்கத் தயங்கியவர்கள்கூட டட்லியின் வீட்டுக்குப் பிள்ளைகளை அனுப்பத் துணிந்தார்கள்.

சுவா 1882 முதல் பிஜியின் தலைநகரம். ஒப்பந்தம் முடிந்த இந்தியர்கள் நகரத்தைச் சுற்றிக் காய்கறி பயிரிட்டார்கள், கடை வைத்தார்கள், வெள்ளையர் வீடுகளில் சமையல் வேலையும் சலவையும் பார்த்தார்கள். தோட்டத்தின் பிடியிலிருந்து விடுபட்ட இந்தக் குடும்பங்களுக்குத்தான் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்புவது பற்றி யோசிக்கவாவது அவகாசம் இருந்தது. டட்லி தம் வேலையைச் சுவாவில் தொடங்கியதற்கு இதுவும் பொருத்தமாக அமைந்தது.

தாழ்வாரப் பள்ளி

பள்ளிக்கெனக் கட்டடம் இல்லை. டட்லி தம் வீட்டுத் தாழ்வாரத்தில் பிள்ளைகளை உட்காரவைத்து எழுத்தும் வாசிப்பும் கணக்கும் சொல்லிக்கொடுத்தார்; கூடவே பாட்டும் விவிலியக் கதையும். பகலில் பிள்ளைகள் படித்த இடத்தில், வேலை முடிந்து வந்த பெரியவர்களுக்கும் வகுப்பு நடந்தது. ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாமல் கைநாட்டு வைத்தவர்களுக்குத் தம் பெயரைத் தாமே எழுதுவதன் அருமை தெரிந்திருந்தது. கடைக்காரருக்குக் கணக்கு வேண்டும். ஊருக்குக் கடிதம் எழுத விரும்பியவருக்கு எழுத்து வேண்டும். நீதிமன்றத்துக்குப் போக நேர்ந்தவருக்குக் காகிதத்தில் உள்ளதைப் படிக்கத் தெரிய வேண்டும்.

தாழ்வாரம் என்பது வீட்டுக்கு உள்ளும் இல்லை, புறமும் இல்லை. தெருவில் போகிறவர் நின்று பார்க்கலாம். பெண் குழந்தையைக் கொண்டுவந்து விட்ட தாய் படியில் உட்கார்ந்து உள்ளே நடப்பதைக் கவனிக்கலாம். மூடிய கட்டடத்துக்குள் பிள்ளையை அனுப்பினால் மதம் மாற்றிவிடுவார்களோ என்று அஞ்சிய பெற்றோருக்குக் கண்ணெதிரே நடந்த இந்தப் பள்ளி தைரியம் தந்தது. மாணவர் தொகை பெருகியதும் திருச்சபை தனிக் கட்டடம் எழுப்பியது.

பிள்ளைகளைத் தேடி டட்லி வீடு வீடாகப் போனார். மருத்துவமனையில் கிடந்த இந்தியர்களையும் சிறையில் இருந்தவர்களையும் போய்ப் பார்த்தார். தொழிலாளர் சட்டத்தின் கீழ் சிறு குற்றங்களுக்காகச் சிறைப்பட்டவர்கள் அங்கே மிகுதி. பள்ளியில் பிள்ளை என்ன படிக்கிறது என்பது முதல் குடும்பத்தில் யாருக்கு உடம்பு சரியில்லை என்பது வரை அவருக்குத் தெரிந்திருந்தது. அவரை இந்தியர்கள் 'எங்கள் அம்மா' என்றே அழைத்தார்கள். மாதாஜி என்ற பெயரும் வழங்கிற்று.

திருச்சபை அவரை அனுப்பிய நோக்கம் மதமாற்றம் என்பதில் ஒளிவுமறைவில்லை. டட்லியும் ஆழ்ந்த கிறிஸ்தவ நம்பிக்கை கொண்டவர். ஆயினும் பிஜி இந்தியர்களில் கிறிஸ்தவர்களானவர் மிகச் சிலரே. பெரும்பாலான குடும்பங்கள் தங்கள் வழிபாட்டை விடாமலேயே அவரிடம் பிள்ளைகளைப் படிக்க அனுப்பின. அவர் பெற்ற செல்வாக்கு போதனையால் மட்டும் வந்ததன்று. வருடக்கணக்கில் அதே மக்களோடு அதே தெருவில் வாழ்ந்ததால் வந்தது.

பெண் குழந்தைகளும் பெண் ஆசிரியையும்

பிஜி இந்தியச் சமூகத்தில் பெண் குழந்தையின் படிப்புக்குத் தடைகள் இரட்டிப்பாக இருந்தன. பெண்கள் தொகை குறைவாக இருந்ததால் மணமகளுக்குத் தேவை அதிகம். சிறு வயதிலேயே பெண்ணைக் கேட்டு வருவார்கள். பெண்ணைப் பெற்றவர் மாப்பிள்ளை வீட்டாரிடம் பணம் வாங்குவதும் வழக்கமாயிற்று. வீட்டு வேலைக்கும் தம்பி தங்கையைப் பார்க்கவும் பெண் வேண்டும். ஆண்கள் பெருத்த சமூகத்தில் வளரும் பெண்ணை வெளியே அனுப்பப் பெற்றோர் பயந்தார்கள். அந்தப் பயம் காரணமற்றதும் அன்று. ஆண் ஆசிரியர் நடத்தும், ஆண் பிள்ளைகள் நிறைந்த பள்ளிக்குப் பெண்ணை அனுப்புவது என்ற பேச்சுக்கே பல வீடுகளில் இடமில்லை.

டட்லியின் பள்ளி இந்தத் தடைகள் எல்லாவற்றையும் அகற்றிவிடவில்லை. ஆனால் முக்கியமான ஒன்றை அகற்றியது. சொல்லிக்கொடுப்பவர் பெண், பள்ளி நடப்பது ஒரு பெண்ணின் வீடு, அந்தப் பெண் ஏற்கெனவே தாயோடு பழகியவர். பிற்காலத்தில் பிஜியில் இந்தியப் பெண் கல்விக்காக உழைத்த எந்த அமைப்பும் இந்தப் பாடத்தைத் திரும்பக் கற்க வேண்டியிருந்தது. பெண் ஆசிரியை இல்லாத இடத்தில் மாணவிகள் வரவில்லை. மாணவிகள் படித்து வராத இடத்தில் அடுத்த தலைமுறைக்கு ஆசிரியை கிடைக்கவில்லை. இந்தச் சுழலை உடைக்க யாராவது ஒருவர் வெளியிலிருந்து வந்து தொடங்கியாக வேண்டியிருந்தது.

பெற்றோரில்லாப் பிள்ளைகள்

ஒப்பந்தமுறை குடும்பங்களை எளிதில் சிதைத்தது. நோயில் இறந்தவர்கள், தற்கொலை செய்துகொண்டவர்கள், கொலைக் குற்றத்துக்குச் சிறை சென்றவர்கள் எனப் பெற்றோரை இழந்த பிள்ளைகள் பலர். ஊரில் இருந்தால் பாட்டியோ சித்தப்பாவோ வளர்த்திருப்பார்கள். கடல் கடந்து வந்த இடத்தில் அத்தகைய உறவு எதுவும் இல்லை. டட்லி அப்படிப்பட்ட குழந்தைகளைத் தம் வீட்டில் சேர்த்து வளர்க்கத் தொடங்கினார். திருமணம் செய்துகொள்ளாத அவருடைய வீடு, பகலில் பள்ளியாகவும் இரவில் அந்தப் பிள்ளைகளின் குடும்பமாகவும் இருந்தது.

தனியொருவர் சுமந்த இந்தப் பொறுப்பு 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் திருச்சபையின் அநாதை இல்லமாக உருப்பெற்றது. ரேவா ஆற்றங்கரையில் தவுய்லேவு என்னுமிடத்தில் நடந்த அந்த இல்லத்தின் தொடர்ச்சியே நௌசோரி அருகே உள்ள தில்குஷா இல்லம். அந்த வளாகத்தில் பள்ளியும் வளர்ந்தது.

இல்லம் திருச்சபையின் கைக்குப் போனதும் அதன் போக்கை ஆண் போதகர்களே தீர்மானித்தார்கள். ஆனால் தாம் வளர்த்த பிள்ளைகளை நிர்வாகத்தின் பொறுப்பாக மட்டும் பார்க்க டட்லியால் முடியவில்லை. 1905இல் அவர் பிஜியை விட்டுக் கல்கத்தாவுக்குச் சென்றபோது தம் வளர்ப்புப் பிள்ளைகளில் சிலரையும் உடன் அழைத்துச் சென்றார். சில ஆண்டுகள் அங்கே வாழ்ந்தபின் மறுபடியும் சுவாவுக்கே திரும்பிப் பழைய பணியை மேற்கொண்டார்.

1912ஆம் ஆண்டுக் கடிதம்

சுவாவில் பல ஆண்டுகள் பெண்களின் வீடுகளில் புழங்கியதால், ஒப்பந்தமுறை பெண்களை என்ன செய்கிறது என்பதை டட்லியைப் போல அறிந்த வெளியார் வேறொருவர் இல்லை. கப்பலிலிருந்து இறங்கியவர்கள் சுவாவுக்கு எதிரே உள்ள நுக்குலாவ் தீவில் அடைக்கப்பட்டு, அங்கிருந்து தோட்டங்களுக்குப் பங்கிடப்பட்டார்கள். எங்கே போகிறோம் என்றே தெரியாமல் வந்த பெண்கள் சொன்ன கதைகளை அவர் நேரில் கேட்டிருந்தார். 1912இல், ஒப்பந்தமுறையைக் கண்டித்து அவர் எழுதிய கடிதம் இந்தியாவின் கவனத்துக்கு வந்தது. ஆளெடுப்பில் நடக்கும் ஏமாற்று, தோட்டங்களில் பெண்களுக்கு நேரும் சிறுமை, வேலை முடிக்காதவர்களைச் சட்டம் நடத்தும் விதம் ஆகியவற்றை அவர் வெளிப்படையாக எடுத்துச் சொன்னார்.

அந்த ஆண்டு ஒப்பந்தமுறைக்கு எதிரான போராட்டத்தில் முக்கியமானது. மார்ச்சில் கோபால கிருஷ்ண கோகலே வைசிராயின் சட்டசபையில் ஒப்பந்த ஆளெடுப்பைத் தடைசெய்யக் கோரித் தீர்மானம் கொண்டுவந்தார்; அது தோற்றது. ஏப்ரலில் பிஜித் தோட்டமொன்றில் குந்தி என்ற தொழிலாளிப் பெண் மேற்பார்வையாளரின் பலாத்காரத்திலிருந்து தப்ப ஆற்றில் குதித்தார். அவருடைய வாக்குமூலம் இந்தியப் பத்திரிகையில் வெளிவந்து கொதிப்பை உண்டாக்கியது. பிஜியில் 21 ஆண்டுகள் வாழ்ந்து திரும்பிய தோத்தாராம் சனாத்யாவின் இந்தி நூல் 1914இல் வந்தது. சி. எப். ஆண்ட்ரூசும் டபிள்யூ. டபிள்யூ. பியர்சனும் 1915இல் பிஜிக்குச் சென்று விசாரித்து அறிக்கை எழுதினர்.

இந்தச் சாட்சியங்களின் வரிசையில் டட்லியின் கடிதத்துக்குத் தனி இடம் உண்டு. வெள்ளையர் சமூகத்தைச் சேர்ந்தவர், அரசின் தயவை நாடி நிற்கும் திருச்சபையின் ஊழியர், தோட்டக் கம்பெனியின் செல்வாக்கு எங்கும் நிறைந்த தீவில் வாழ்பவர். அப்படிப்பட்டவர் சொன்னதைப் பொய் என்று எளிதில் தள்ளிவிட முடியவில்லை. நௌசோரியில் பணியாற்றிய மெதடிஸ்ட் போதகர் ஜே. டபிள்யூ. பர்ட்டனும் 1910இல் வெளியிட்ட நூலில் ஒப்பந்தமுறையைக் கண்டித்திருந்தார். ஆனால் பெண்களின் துயரத்தை அவர்களோடு பழகிய ஒரு பெண் சொன்னபோது அதற்குக் கூடுதல் வலிமை இருந்தது. 1917இல் ஆளெடுப்பு நிறுத்தப்பட்டது. எஞ்சியிருந்த ஒப்பந்தங்கள் 1920 ஜனவரி 1 அன்று ரத்தாயின.

டட்லிக்குப் பின்

டட்லி 1913இல் பிஜியை விட்டு நிரந்தரமாக விடைபெற்றார், 1931இல் காலமானார். அவர் விட்டுச்சென்ற பள்ளி தொடர்ந்து நடந்தது. இந்தியர் கல்வியில் அரசின் பார்வை 1916ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்துக்குப் பிறகே மெல்ல மாறத் தொடங்கியது. தகுதியுள்ள பள்ளிகளுக்கு உதவித்தொகை தரும் ஏற்பாடு அச்சட்டத்தால் வந்தது. 1918இல் ஆஸ்திரேலியப் பெண்கள் அமைப்புகள் அனுப்பிய புளோரன்ஸ் கார்னம், பிஜி இந்தியர்களின் சமூக நிலையை ஆராய்ந்து அறிக்கை தந்தார். பெண்களும் குழந்தைகளும் வாழும் நிலை மாற வேண்டும் என்ற குரல் அதன்வழி ஆஸ்திரேலியாவிலும் ஓங்கியது.

ஒப்பந்தத் தளை அறுந்தபின் இந்தியர்கள் தாங்களே பள்ளி கட்ட முனைந்தார்கள். கரும்பு விற்ற காசில் பங்கு போட்டு, மூங்கிலும் தகரமும் கொண்டு ஊர்தோறும் பள்ளிக் குடில்கள் எழுந்தன. ஆரிய சமாஜம், சனாதன தர்ம சபைகள், முஸ்லிம் அமைப்புகள், சீக்கியர்கள் என ஒவ்வொரு பிரிவினரும் பள்ளிகள் நிறுவினர்.

தமிழர்களின் நிலை இதில் சற்றுத் தனியானது. டட்லியின் பள்ளியிலும் பிற பள்ளிகளிலும் பயிற்றுமொழி இந்துஸ்தானியும் ஆங்கிலமுமே. 1903க்குப் பிறகு வந்த தென்னாட்டவர்களை வடவர்கள் 'மதராஸி' என்று ஒதுக்கியதும் உண்டு. தமிழ்ப் பிள்ளைகள் படிக்க வேண்டுமானால் முதலில் வேறொரு மொழியைக் கற்றாக வேண்டும். இந்தக் குறையைத் தீர்க்கச் சாது குப்புசாமியின் முயற்சியால் 1926இல் தென்னிந்திய சன்மார்க்க ஐக்கிய சங்கம் நாண்டியில் உருவானது. சங்கத்தின் வேண்டுகோளை ஏற்று ராமகிருஷ்ண மடத்தின் சுவாமி அவினாசானந்தர் 1937இல் பிஜிக்கு வந்தார். அவருக்குப் பின் சுவாமி ருத்ரானந்தர் வந்தார். சங்கப் பள்ளிகளில் தமிழும் தெலுங்கும் கற்பிக்கப்பட்டன. சங்கம் இன்றும் பிஜியில் பல பள்ளிகளை நடத்திவருகிறது.

பெண் கல்வி இந்த வளர்ச்சியில் பின்தங்கியே நடந்தது. ஊர்ப் பள்ளிகளில் ஆண் பிள்ளைகளே நெடுங்காலம் நிறைந்திருந்தனர். பெண்கள் சில வகுப்புகளோடு நின்றுவிடுவார்கள். ஆனால் தலைமுறைகள் மாற மாற ஆசிரியைகளும் செவிலியரும் அந்தச் சமூகத்திலிருந்தே வந்தார்கள். இந்தியாவிலிருந்து மணமாகி வந்து சுவாவில் ஆசிரியையாகப் பணியாற்றிய ஐரின் ஜெய் நாராயண், 1966இல் பிஜி சட்டசபைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். பெண்ணைப் பள்ளிக்கு அனுப்பத் தயங்கிய சமூகம் ஓர் ஆசிரியையைத் தன் பிரதிநிதியாக்குவதற்கு, டட்லி வகுப்பு தொடங்கி ஏறக்குறைய 70 ஆண்டுகள் பிடித்தன.

நினைவும் மதிப்பும்

சுவாவின் டூராக் குன்றில் டட்லியின் பெயரால் ஒரு நினைவு தேவாலயமும் உயர்நிலைப் பள்ளியும் உள்ளன. டட்லி உயர்நிலைப் பள்ளியில் பிஜியின் எல்லா இனத்துப் பிள்ளைகளும் படிக்கிறார்கள். தில்குஷா இல்லம் இன்றும் ஆதரவற்ற பிள்ளைகளுக்கு அடைக்கலம் தருகிறது.

டட்லியின் பணியை அவருடைய காலத்தின் எல்லைகளோடு சேர்த்தே மதிப்பிட வேண்டும். அவர் எட்டியது பெரும்பாலும் சுவாவையும் அதன் சுற்றுப்புறத்தையும்தான். தொலைவில் இருந்த தோட்டங்களின் லைன்களில் பிறந்த பிள்ளைகளுக்கு அவருடைய பள்ளி எட்டாத தூரம். அவருக்குப் பின்னால் பேரரசின் திருச்சபையும், அதன் மதமாற்ற நோக்கமும் இருந்தன. ஆனாலும் கூலிகளின் பிள்ளைகள் படிக்கத் தக்கவர்கள் என்று அத்தீவில் யாரும் நினைக்காத நாளில் அவர் அவர்களுக்கு எழுத்தறிவித்தார். பெண் குழந்தைகளையும் அதில் சேர்த்துக்கொண்டார். அவர்களுடைய தாய்மார்களின் துன்பத்தைத் தம் பெயரைப் போட்டு உலகுக்கு எழுதினார். பிஜி இந்தியரின் கல்வி வரலாறு எழுதப்படும்போதெல்லாம் ஹன்னா டட்லியின் பெயர் முதல் பக்கத்தில் வருவதற்கு இவையே காரணம்.